நடந்து போய்ப் பார்க்கத் தகுந்த படங்கள்

கொடைக்கானல் மலைச் சரிவில் வெள்ளகவி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பல தலைமுறைகளாக பஸ்சையே காணாத ஊர். அந்த ஊர் மக்கள் நடந்தே மலை ஏறினார்கள். நடந்தே மலை இறங்கினார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் இருக்கும் ஒருவருக்கு சினிமா ஆசை வந்தால் என்ன செய்வார்?

கீழே இறங்கினால், கும்பக்கரை அருவி வழியாகப் பெரியகுளம். மேலே ஏறினால், வட்டக்கானல் வழியாகக் கொடைக்கானல். எந்தப் பக்கம் போனாலும் சில மணி நேரம் நடக்க வேண்டும். அப்புறம் திரும்பி வர வேண்டும். படம் ஓடுவது 2½ மணி நேரம். நடை அதைவிட அதிகம்!

அடுத்த தெருவில் கொட்டகை இருந்தால், படம் பிடிக்காதவர் இடைவேளையில் எழுந்து வீட்டுக்கு வந்துவிடலாம். கையில் செல்போன் வைத்திருப்பவர், ஒரு விரலால் அந்தப் படத்தைத் தள்ளிவிட்டு வேறு படம் பார்க்கலாம். மலை இறங்கி வந்தவரால் அது முடியுமா? நடந்த களைப்புக்குப் படம்தான் கூலி கொடுக்க வேண்டும்.

எது நல்ல படம் என்று பார்க்க, இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது. "இந்தப் படத்துக்காக ஒரு மலையை இறங்கி ஏறலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் படங்கள் அந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும்!

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமா? பார்த்துவிட்டு வந்தவர், வராதவருக்குத் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்ல முடியுமா?

இந்த மூன்று கேள்விக்கும் தலை நிமிர்ந்து பதில் சொல்லக்கூடிய படங்கள் சில இதோ. பழையவை உண்டு, புதியவையும் உண்டு. சிரிப்பு, மர்மம், சாகசம், பக்தி, குடும்பம் எல்லாம் உண்டு.

நகரத்துக்கு மூத்த ஊர்

படங்களுக்குப் போகும் முன், வெள்ளகவியைப் பற்றி இரண்டு வார்த்தை.

கொடைக்கானல் நகரம் பிறப்பதற்கு முன்பே இருந்த ஊர் இது. 1821-ம் ஆண்டில் லெப்டினென்ட் வார்டு என்ற ஆங்கில அதிகாரி நிலம் அளக்க வந்தார். அவர் வெள்ளகவியிலிருந்துதான் மேலே ஏறினார். 1845-ம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார்கள் மலை உச்சியில் பங்களா கட்டினார்கள். 1863-ம் ஆண்டில் லெவிஞ்சு என்ற அதிகாரி கொடைக்கானல் ஏரியை உண்டாக்கினார்.

அந்தக் காலத்தில் பெரியகுளத்திலிருந்து மேலே போகும் மலைப்பாதையில்தான் எல்லாம் நடந்தது. துரைமார்கள் டோலியிலும் குதிரையிலும் போனார்கள். மூட்டைகள் கூலிக்காரர்களின் தலையில் போயின.

பிறகு மலையின் இன்னொரு பக்கம் மோட்டார் ரோடு வந்தது. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. வெள்ளகவி மக்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

சின்ன ஊர்தான். ஆனால் திரும்பிய இடமெல்லாம் கோயில். அதனால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவது இல்லை. காப்பியும் மிளகும் பழங்களும் விளையும். விளைந்ததை விற்க, பல தலைமுறைகளாகக் குதிரை முதுகிலோ மனிதர் தலையிலோதான் ஏற்றினார்கள்.

சினிமாவும் நடந்தது

சினிமாவும் ஒரு காலத்தில் ஊர் ஊராக அலைந்ததுதான். 1905-ம் ஆண்டில், திருச்சியில் ரெயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார்.

அவருக்குப் பின் டூரிங் டாக்கீஸ் வந்தது. மணல் தரை. கீற்றுக் கொட்டகை. மாட்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்து பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டதும் வேக வேகமாக நடந்து வந்தார்கள். நடந்து போய்ப் படம் பார்ப்பது வெள்ளகவிக்கு மட்டும் உரிய கதை அல்ல. தமிழ்நாடே ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தது.

டூயட்டுக்கு மட்டுமா மலை?

கொடைக்கானலில் எத்தனையோ படங்கள் எடுத்திருக்கிறார்கள். ஏரிக்கரையில் காதலனும் காதலியும் கைகோத்துப் போவார்கள். தூண்பாறையின் முன்னால் பாடுவார்கள். பைன் மரக் காட்டில் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். பாட்டு முடிந்ததும் கதை பட்டணத்துக்குப் போய்விடும்.

அந்தக் காட்டுக்குள் விறகுக் கட்டோடு போகும் பெண்ணைக் காட்டினார்களா? மூட்டை சுமந்து இறங்கும் கிழவரைக் காட்டினார்களா? இல்லை. சினிமாவுக்கு மலை தேவைப்பட்டது. மலையில் வாழும் மனிதர் தேவைப்படவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்த படம் ஒன்று 2018-ம் ஆண்டில் வந்தது. வரிசையில் அதற்கே முதல் இடம்.

மூட்டை சுமந்தவன் கதை

"மேற்குத் தொடர்ச்சி மலை." டைரக்டர் லெனின் பாரதி. தயாரித்தவர் நடிகர் விஜய் சேதுபதி. இசை இளையராஜா.

கதை நடப்பது தேனி மாவட்டத்து மலையில், கேரள எல்லையில். ரங்கசாமி ஒரு கூலிக்காரன். ஏலக்காய் மூட்டையைத் தோளில் சுமந்து, மலைமேல் இருக்கும் எஸ்டேட்டுக்கும் அடிவாரத்துக்கும் நடப்பவன். அவனுக்கு ஒரே ஆசை. சொந்தமாகக் கையகல நிலம் வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

காசு சேர்க்கிறான். ஒரு தடவை பேரம் நின்று போகிறது. இன்னொரு தடவை, பாடுபட்டுச் சேர்த்தது மலைப்பாதையில் கொட்டிப் போகிறது. அந்த இடத்தில் கொட்டகையில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காது.

வில்லன் யார் என்று தேடினால் அகப்பட மாட்டான். மீசை முறுக்கும் பண்ணையார் இல்லை, சவுக்கு இல்லை. கடன், விதை, உரம், புதிய ரோடு, காற்றாலை என்று ஒவ்வொன்றாக வந்து, ஏழையின் கையில் இருப்பதைக் கொண்டு போகின்றன. கடைசிக் காட்சியில் ஒரு காற்றாலை சுழல்கிறது. அதன் அடியில் யார் நிற்கிறார், எந்த உடையில் நிற்கிறார் என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடித்தவர்களில் பலர் அந்தப் பக்கத்து மக்களே. மூட்டையை எப்படித் தூக்க வேண்டும், சரிவில் எப்படிக் கால் வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை.

ஒரு குகை, இரண்டு படங்கள்

கொடைக்கானலில் பாறைகளுக்கு நடுவே ஆழமான பள்ளங்கள் உள்ள ஓர் இடம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அதற்கு "சாத்தானின் சமையலறை" என்று பெயர் வைத்தார்கள். இன்று அதன் பெயர் "குணா குகை." ஒரு சினிமாப் படம் ஓர் இடத்தின் பெயரையே மாற்றிவிட்டது!

"குணா" 1991-ம் ஆண்டு தீபாவளிக்கு வந்தது. டைரக்டர் சந்தான பாரதி. கமல்ஹாசன், மனநிலை சரியில்லாத ஒருவனாக நடித்தார். ஒரு பெண்ணை அபிராமி என்றே நம்பி, அவளைக் கொண்டுபோய் மலையில் வைத்துக் காக்கிறான். அதே தீபாவளிக்கு ரஜினிகாந்தின் "தளபதி"யும் வந்தது. "குணா"வுக்கு அப்போது பெரிய வெற்றி இல்லை. ஆனால் ஆண்டுகள் போகப்போக அதன் மதிப்பு ஏறியது.

33 ஆண்டு கழித்து, 2024-ம் ஆண்டில், மலையாளத்தில் "மஞ்ஞும்மல் பாய்ஸ்" வந்தது. டைரக்டர் சிதம்பரம். இது நடந்த கதை. 2006-ம் ஆண்டில் கொச்சிப் பக்கமிருந்து நண்பர்கள் கூட்டமாகக் கொடைக்கானல் வந்தார்கள். தடுப்பைத் தாண்டிக் குகைக்குள் போனார்கள். ஒருவன் பள்ளத்தில் விழுந்துவிட்டான். "விழுந்தவர் பிழைத்தது கிடையாது" என்றார்கள். இன்னொரு நண்பன் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான்.

குகையின் உள்பகுதியைப் பெரும்பாலும் செட் போட்டே எடுத்தார்கள் என்றால் நம்ப முடியாது. அவ்வளவு உண்மையாக இருக்கிறது. "குணா" படத்துப் பாட்டு ஒன்று இதில் வருகிறது. காதலுக்காகப் போட்ட பாட்டு, இங்கே நட்புக்காக ஒலிக்கிறது. தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பெற்றோர் இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது ஒன்று சொல்ல வேண்டும். தடுப்பு வேலி போட்டிருப்பது விளையாட்டுக்கு அல்ல. படத்தில் ஒருவன் பிழைத்தான் என்பதற்காக, எல்லோரும் பிழைப்பார்கள் என்று நினைக்கக்கூடாது.

பகலில் வியாபாரி, இரவில் கள்ளன்

சாகசப் படம் பிடிக்குமா? "மலைக்கள்ளன்" பாருங்கள்.

1954-ம் ஆண்டில் வந்த படம். கதை, நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவல். வசனம் மு.கருணாநிதி. கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு தயாரித்து டைரக்ட் செய்தார். எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்தார்கள்.

எம்.ஜி.ஆருக்கு இதில் பல வேடம். ஊருக்குள் அப்துல் ரகீம் என்ற வியாபாரி. மலையில் பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் கள்ளன். போலீசாரும் தேடுகிறார்கள்; படம் பார்ப்பவரும் தேடுகிறார். பானுமதி சும்மா அழுது கொண்டிருக்கும் கதாநாயகி அல்ல. பதிலுக்குப் பதில் பேசுகிறார்.

ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் இதுதான். மற்ற மொழிகளிலும் இந்தக் கதை படமாயிற்று. இந்தியில் "ஆசாத்" என்ற பெயரில் திலீப்குமார் நடித்தார். மலையில் வாழ்பவன் என்றால் முரடன் என்று நினைத்த காலத்தில், மலைக்காரனை ஊரே கொண்டாடும் வீரனாகக் காட்டிய படம் இது.

பாட்டே இல்லாத படம்

அதே 1954-ம் ஆண்டில் இன்னொரு அதிசயமும் நடந்தது. தமிழ்ப் படம் என்றால் பாட்டு பாட்டாக இருக்கும் காலம் அது. அந்த நேரத்தில் ஒரு பாட்டும் இல்லாமல், ஒரு நடனமும் இல்லாமல், ஒரு சண்டையும் இல்லாமல் ஒரு படம் வந்தது. அதுதான் "அந்த நாள்."

டைரக்டர் எஸ்.பாலசந்தர். வீணை வித்வான் பாலசந்தரேதான்! தயாரிப்பு ஏவி.எம்.

இரண்டாவது உலகப்போர் நடக்கிறது. சென்னையில் குண்டு விழுந்த நேரம். ரேடியோ என்ஜினீயர் ஒருவர் சுட்டுக்கொல்லப்படுகிறார். அவர்தான் சிவாஜி கணேசன். படம் தொடங்கியவுடன் கதாநாயகன் செத்துவிடுகிறார்!

சுட்டது யார்? வீட்டார், வேண்டியவர் என்று ஒவ்வொருவராகக் கதை சொல்கிறார்கள். ஒவ்வொருவர் கதையிலும் ஒவ்வொருவர் குற்றவாளி. துப்பறியும் அதிகாரியோடு பார்ப்பவரும் மூளையைக் கசக்க வேண்டும். கடைசியில் உண்மை தெரியும்போது, நாடு பெரிதா, குடும்பம் பெரிதா என்ற கேள்வி வந்து நிற்கிறது.

வெளிவந்தபோது வசூல் இல்லை. பாட்டு எங்கே என்று கேட்டார்கள். இன்று மர்மப்படங்களுக்கு இதுவே பாட்டன் என்று கொண்டாடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. திண்ணையில் இந்தக் கதையைச் சொல்லும்போது, சுட்டது யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

வயிறு வலிக்கச் சிரிக்க

நடந்த கால் வலி தெரியாமல் இருக்க வேண்டுமானால், "காதலிக்க நேரமில்லை" பார்க்க வேண்டும். 1964-ம் ஆண்டு. டைரக்டர் ஸ்ரீதர். வண்ணப்படம்.

பாலையா பணக்கார எஸ்டேட் முதலாளி. அவர் மகன் நாகேஷ். படிப்பு ஏறவில்லை, சினிமாப் படம் எடுக்கப் போவதாகத் திரிகிறான். கம்பெனிக்கு "ஓகோ புரொடக்சன்ஸ்" என்று பெயரும் வைத்துவிட்டான்! பணம்தான் இல்லை.

அப்பாவை உட்கார வைத்து, மகன் ஒரு பேய்க்கதை சொல்லும் இடம் இருக்கிறது. நாகேஷ் குரலாலும் கையாலும் கதையைக் காட்டுகிறார். பாலையா பேச்சே இல்லாமல் முகத்தாலேயே பயப்படுகிறார். எது பெரிய நடிப்பு? 60 ஆண்டு கழித்தும் யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

இந்தப் படத்தில் யாரையும் இழிவாகப் பேசிச் சிரிக்க வைக்கவில்லை. உருவத்தைக் கேலி செய்யவில்லை. பாட்டியும் பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கலாம்.

இரண்டு அண்ணன், இரண்டு தங்கை

அழ வைக்கும் படம் என்றால் யாரும் முதலில் சொல்வது "பாசமலர்." 1961-ம் ஆண்டு. டைரக்டர் பீம்சிங். அண்ணன் சிவாஜி, தங்கை சாவித்திரி. அண்ணனுக்கு வேலை போகிறது. தங்கை பொம்மை செய்து விற்றுச் சேர்த்த பணத்தைக் கொடுக்கிறாள். அந்தப் பணத்தில் அவன் முதலாளி ஆகிறான். அவளுக்குக் கல்யாணம் ஆகிறது. பிறகு வீட்டுக்குள் புகுந்தவர்களின் பேச்சு, இரண்டு பேரையும் பிரிக்கிறது.

17 ஆண்டு கழித்து, 1978-ம் ஆண்டில், இன்னொரு அண்ணன்-தங்கை படம் வந்தது. "முள்ளும் மலரும்." டைரக்டர் மகேந்திரன். கதை உமாசந்திரன் எழுதிய நாவல். படம் பிடித்தவர் பாலு மகேந்திரா.

காளி மலைப்பகுதியில் மின்சார நிலையத்தில் விஞ்ச் ஓட்டுபவன். பழனி மலையில் விஞ்ச் ஏறியவர்களுக்கு அது என்ன என்று தெரியும். அவன் முரடன், கோபக்காரன், தங்கை வள்ளி என்றால் உயிர். ஒரு விபத்தில் கை போகிறது. கை போன பிறகும் வீம்பு போகவில்லை. ரஜினிகாந்த் நடித்த சிறந்த வேடம் எது என்று கேட்டால், பலர் இன்றும் காளியைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டையும் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். "பாசமலர்" அண்ணன் பேசிப் பேசி அழ வைக்கிறான். "முள்ளும் மலரும்" அண்ணன் பேசாமல் நின்று அழ வைக்கிறான். பாசம் ஒன்றுதான்; காட்டும் விதம் வேறு. தமிழ் சினிமா எங்கிருந்து எங்கே வந்தது என்று தெரிந்துகொள்ள, இந்த இரண்டு படம் போதும்.

நடந்தே நாட்டைச் சுற்றிய பாட்டி

பக்திப் படங்களில் எதைச் சொல்வது? "திருவிளையாடல்" பார்க்காதவர் குறைவு. இங்கே சொல்வது அதற்கும் 12 ஆண்டு முந்திய படம். 1953-ம் ஆண்டில் ஜெமினி வாசன் தயாரித்த "ஔவையார்." டைரக்டர் கொத்தமங்கலம் சுப்பு.

ஔவையாராக கே.பி.சுந்தராம்பாள் நடித்தார். கணீர் என்ற குரல். கையில் கோல். அவர் ஊர் ஊராக நடக்கிறார். குடிசையில் கூழ் குடிக்கிறார். அரசனுக்குப் புத்தி சொல்கிறார். சண்டையை நிறுத்துகிறார். யானைகள் கூட்டமாக வந்து கோட்டையை இடிக்கும் காட்சியைப் பார்க்க, அந்தக் காலத்தில் மக்கள் மீண்டும் மீண்டும் வந்தார்கள்.

காதல் இல்லை, கதாநாயகன் இல்லை. ஒரு கிழவிதான் முழுப் படமும். அதை நம்பிப் பணம் போட ஒரு முதலாளிக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எழுதப் படிக்கப் புதிதாகக் கற்றவர்கள் இந்தப் படத்தை அவசியம் பார்க்க வேண்டும். அவர்கள் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த ஆத்திசூடி, இந்தப் பாட்டி கொடுத்தது அல்லவா?

மயிலும் ஒரு வழக்கும்

2022-ம் ஆண்டில் வந்த "கடைசி விவசாயி" வேறு ஒரு கிழவரின் கதை. டைரக்டர் மணிகண்டன். கதாநாயகன் நல்லாண்டி, உண்மையிலேயே விவசாயி. 80 வயதைத் தாண்டியவர். படம் வெளிவரும் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

ஊர்ச் சாமிக்குத் திருவிழா எடுக்க வேண்டும். அதற்குப் புது நெல் வேண்டும். ஊரில் எல்லோரும் நிலத்தை விட்டுவிட்டார்கள். பயிர் செய்பவர் இந்த ஒருவர்தான். அவர் நாற்று விடுகிறார். வயலில் செத்துக் கிடந்த மயில்களைப் புதைக்கிறார். மயிலைக் கொன்றதாக வழக்கு வந்துவிடுகிறது!

கோர்ட்டில் நீதிபதி கேட்கும் கேள்விகளுக்கு அவர் சொல்லும் பதில்கள் சிரிப்பாக இருக்கும். ஆனால் அவர் கவலை ஜாமீன் அல்ல. "பயிருக்குத் தண்ணீர் யார் விடுவது?" என்பதே. சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது.

வெயிலில் ஒரு நடை

நடப்பதையே கதையாக எடுத்த தமிழ்ப் படமும் உண்டு. "கூழாங்கல்." டைரக்டர் வினோத்ராஜ். 2021-ம் ஆண்டில் ஆலந்து நாட்டு ரோட்டர்டாம் படவிழாவில் முதல் பரிசான புலி விருதைப் பெற்றது. ஒன்றேகால் மணி நேரப் படம்தான்.

குடிகாரத் தகப்பன். சண்டையில் மனைவி பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் இருந்த மகனை இழுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போகிறான். திரும்பி வரும்போது பஸ்சுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். இருவரும் மதுரை மாவட்டத்து மொட்டை வெயிலில் நடக்கிறார்கள். முன்னால் மகன், பின்னால் தகப்பன்.

சின்னஞ்சிறிசுகளுக்கு இது கடுமையாக இருக்கும். ஆனால் குடிக்கும் தகப்பன்மார்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். யாரும் புத்தி சொல்லவில்லை. பிள்ளையின் முகமே போதும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு இன்னொரு படம்: "வாகை சூட வா." 2011-ம் ஆண்டு. டைரக்டர் சற்குணம். செங்கல் சூளையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க, 1966-ம் ஆண்டில் ஓர் இளைஞன் வருகிறான். பிள்ளைகள் அவனைப் படாதபாடு படுத்துகிறார்கள். கணக்குத் தெரியாததால் கூலியில் எப்படி ஏமாற்றப்படுகிறோம் என்று தெரிந்த அன்று, அவர்களே சிலேட்டைத் தேடுகிறார்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள்

பாரசீக நாடான ஈரானில் எடுத்த இரண்டு படங்களையும் விடக்கூடாது. மொழி தெரியாவிட்டாலும் கதை புரியும்.

ஒன்று, 1987-ம் ஆண்டில் அப்பாஸ் கியாரோஸ்தமி எடுத்த "நண்பனின் வீடு எங்கே?" மலைக் கிராமத்துப் பையன் ஒருவன், தவறுதலாக நண்பனின் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்துவிடுகிறான். மறுநாள் நோட்டு இல்லாவிட்டால் நண்பனைப் பள்ளிக்கூடத்தை விட்டே விரட்டிவிடுவார்கள். நோட்டைக் கொடுக்க, வளைந்து வளைந்து போகும் குன்றுப் பாதையில் அடுத்த ஊருக்கு ஓடுகிறான். பெரியவர்கள் யாரும் அவன் சொல்வதைக் காதில் வாங்கவில்லை. மலைப்பாதையில் நடந்து பழகிய பிள்ளைகள், அவனோடு சேர்ந்து மூச்சு வாங்குவார்கள்.

இன்னொன்று, 1997-ம் ஆண்டில் மஜித் மஜிதி எடுத்த "சொர்க்கத்தின் குழந்தைகள்." தங்கையின் செருப்பை அண்ணன் தொலைத்துவிடுகிறான். புதிது வாங்க வீட்டில் காசு இல்லை. அப்பாவிடம் சொல்லவும் பயம். ஒரே ஜோடியைக் காலையில் தங்கையும், பிறகு அண்ணனுமாக மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடுகிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவது பரிசு செருப்பு. பையனுக்கு மூன்றாவதாக வர வேண்டும்!

வெள்ளகவியில் செருப்பைக் கழற்றுவது சாமிக்காக. இந்தப் படத்தில் செருப்பு இல்லாமல் நிற்பது வறுமையால். இரண்டு கால்களும் ஒரே மாதிரிதான் தெரியும். காரணம் வேறு.

அளவுகோல் மாறக்கூடாது

மலை ஊர்களுக்கு நல்ல பாதை வேண்டும். நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிப்போகும் நிலை எந்த ஊருக்கும் இருக்கக்கூடாது. பிள்ளைகள் படிக்கப் போகவும், விளைந்ததை நல்ல விலைக்கு விற்கவும் வழி வேண்டும். படம் பார்ப்பதற்காக யாரும் நடக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்று நடக்காமலே கைக்குள் படம் வந்துவிடுகிறது.

வந்ததால் என்ன ஆயிற்று? எதைப் பார்ப்பது என்று தெரியாமல், எதையோ பார்த்துக்கொண்டு, பாதியில் தூங்கிப் போகிறார்கள். ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு மூலையில் நான்கு படம் பார்க்கிறார்கள். மறுநாள் காலையில் யாருக்கும் சொல்ல ஒரு கதை இல்லை.

டிக்கெட் விலை குறைந்திருக்கலாம். மனிதனின் நேரம் மலிந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மாலைப்பொழுது, வாரம் முழுவதும் உழைத்த குடும்பத்துக்குக் கிடைக்கும் சொத்து. அதை ஒரு படத்துக்குக் கொடுக்கும் முன், "இதற்காக மலை இறங்கி ஏறுவேனா?" என்று கேட்பதில் தவறு இல்லை.

யார், எதைப் பார்க்கலாம்?

குழந்தைகளுக்கு: சொர்க்கத்தின் குழந்தைகள், நண்பனின் வீடு எங்கே?, வாகை சூட வா.

தாத்தா, பாட்டிக்கு: ஔவையார், கடைசி விவசாயி.

சிரிக்க: காதலிக்க நேரமில்லை.

அண்ணன், தங்கை சேர்ந்து பார்க்க: பாசமலர், முள்ளும் மலரும்.

மர்மமும் சாகசமும்: அந்த நாள், மலைக்கள்ளன்.

வளர்ந்த பிள்ளைகளோடு: குணா, மஞ்ஞும்மல் பாய்ஸ்.

பெரியவர்கள் பார்த்துவிட்டு யோசிக்க: மேற்குத் தொடர்ச்சி மலை, கூழாங்கல்.